கூரை யார் கணக்கு?

பிரெஞ்சுப் பத்திரம் என்றால் புதுச்சேரி வக்கீல்களில் பாதிப் பேர் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மீதிப் பேரில் சிலர் மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு வக்காலத்துப் போடுவார்கள். நான் சொல்லப்போகும் வழக்கில் வாதியின் வக்கீல் இரண்டாம் வகை. நான் பிரதிவாதிக்கு ஆஜரானேன். வீட்டை விட்டு வெளியேறு என்று நோட்டீஸ் வாங்கியவர் என் கட்சிக்காரர்.

வீடு கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில். தெருவைப் பார்த்த திண்ணை, தாழ்வாரம், முற்றம், முற்றத்தை ஒட்டி மெட்ராஸ் டெரஸ் போட்ட இரண்டு கூடங்கள், பின்கட்டு அடுப்படி, அதற்கும் பின்னால் கிணறும் தென்னையுமாக நீளமான தோட்டம். கட்டியவர் சாய்கோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பிள்ளையில்லை. மனைவி முன்னமே போய்விட்டார். கணவனை இழந்த தங்கைதான் அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கூட இருந்தவர். 1957-இல் வீட்டைக் கட்டியவர் நொத்தேரிடம், அதாவது பிரெஞ்சு முறைப் பத்திர அதிகாரியிடம், போய் ஒரு தானப் பத்திரம் எழுதினார். 1954 நவம்பர் 1-ஆம் தேதியே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இந்தியச் சொத்துமாற்றுச் சட்டம் போன்றவை இங்கே வந்து சேர 1968 ஆனது. எனவே கொடி மாறிய ஊரில் நொத்தேர் பழைய நடையிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

இன்னொரு விவரம். அந்தக் குடும்பம் ரெனோன்சான் குடும்பம். 1819-இல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சட்டத் தொகுப்புகளை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, உள்ளூர்க்காரர்களின் குடும்ப விவகாரங்களை அவரவர் வழக்கப்படியே விட்டுவைத்தார்கள். 1881-இல் ஓர் ஆணை வந்தது. விருப்பப்பட்டவர்கள் சொந்த வழக்கத்தைத் துறந்து முழுக்க பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. வந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். காலில் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்ததற்காக 1873-இல் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை போய் ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை அப்படித்தான் லாபோர்த் ஆனார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963-இல் புதுச்சேரிக்கு வந்தபோதுகூட, ரெனோன்சான்களுக்கு இது கிடையாது என்று தனியாக எழுதிவைத்தார்கள். ஆகவே இந்த வீட்டின் கதையை ஆதியோடந்தம் பிரெஞ்சுச் சட்டத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பத்திரத்தில் இரண்டு பேருக்குத் தானம். தங்கைக்கு அவர் ஆயுள் உள்ளவரை யூசுஃப்ரூயி, அதாவது அனுபவ பாத்தியதை. தம்பி மகனுக்கு, பத்திர வாசகத்தையே சொல்கிறேன், ‘லா ந்யூ-ப்ரொப்ரியெத்தே த லாதித் ப்ரொப்ரியெத்தே’. பையன் அப்போது சிறுவன். தானத்தை ஏற்றுக்கொண்டேன் என்று பத்திரத்தில் பதிவாகாவிட்டால் அந்தச் சட்டத்தில் தானம் நிற்காது. அதனால் தகப்பன் அவனுக்காக ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். சில ஆண்டுகளில் அந்தக் குடும்பம் பிரான்சுக்குக் கப்பலேறியது. எழுதிவைத்தவரும் காலமானார்.

தங்கை அந்த வீட்டிலேயே இருந்தார். தூரத்து உறவில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து வளர்த்தார். முன் கட்டில் ஒரு தையல்காரருக்கு இடம் விட்டு வாடகை வாங்கினார். தேங்காய் விற்றார். நகராட்சியில் வீட்டு வரி அவர் பெயரில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி ஓடிய பிறகு, ‘எனக்குச் சொந்தமான சகலத்தையும்’ வளர்ப்பு மகளுக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்மூடினார். வளர்ப்பு மகள் என்றால் குழந்தை அல்ல. அதற்குள் அவருக்கே ஐம்பதை ஒட்டிய வயது. பால்வாடி டீச்சர். அவர்தான் என் கட்சிக்காரர்.

அத்தை இறந்த செய்தி கேட்டுப் பிரான்சிலிருந்து வந்த தம்பி மகன், பதினாறாம் நாள் காரியம் வரை இருந்து முறையாகக் கலந்துகொண்டார். அப்புறம் ஒரு வக்கீலைப் பிடித்தார். சொத்து எனக்குப் பாத்தியம் என்று விளம்புகை வேண்டும், சுவாதீனம் வேண்டும் என்று வழக்கு. பத்திரத்தின் அசலோடு தமிழ் மொழிபெயர்ப்பையும் அவரே தாக்கல் செய்திருந்தார். என் கட்சிக்காரர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வரி ரசீதுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, சம்மனையும் அந்த மொழிபெயர்ப்பையும் என் மேஜைமேல் வைத்தார்.

மொழிபெயர்ப்பைப் படித்ததும் என் ஜூனியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ‘மேற்படி சொத்தின் காலி மனையை என் தம்பி மகனுக்கும், மேற்படி சொத்தின் அனுபவ பாத்தியதையை என் தங்கைக்கு ஆயுள்வரையிலும்’ என்று இருந்தது. தமிழாகப் படித்தால் ஓர் இடறலும் இல்லை. பின்னால்தான் அவ்வளவு பெரிய தோட்டம் கிடக்கிறதே! தம்பி மகனுக்குத் தோட்டம், தங்கைக்கு ஆயுள்வரை வீடு என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள்.

ஜூனியர் அதோடு நிற்கவில்லை. “சார், வீட்டை அத்தைக்கு ஆயுள்வரைதான் கொடுத்திருக்கார். அதுக்கப்புறம் யாருக்குன்னு எழுதலே. அப்போ அது எழுதினவர்கிட்டயே தங்கிப்போச்சு. அவருக்குப் புள்ளை இல்லே, பொண்டாட்டி இல்லே, அப்பா அம்மா இல்லே. வாரிசு தம்பியும் தங்கையும். தங்கை பாதி நம்ம அம்மாவுக்கு உயில்ல வந்துடுது. பாதி வீடு நமக்கு சார்” என்றார். வாதியே தாக்கல் செய்த காகிதத்தை வைத்து வாதியின் வீட்டில் பாதியை எடுக்கும் கணக்கு. கெட்டிக்காரப் பையன்; இப்போது நல்ல பிராக்டீஸ்.

நான் அசலை எடுத்தேன். முத்திரைத் தாளில் சாய்ந்த எழுத்து, ஓரத்தில் அடித்தல் திருத்தலுக்குத் தனித்தனிச் சின்னக் கையெழுத்து. ‘லா ந்யூ-ப்ரொப்ரியெத்தே த லாதித் ப்ரொப்ரியெத்தே.’ ஒரே வரியில் ஒரே சொல் இரண்டு தரம். பின்னால் வருவது வீடு, திண்ணை, கிணறு, தென்னை, எல்லைக்குள் இருக்கும் சகலமும். முன்னால் வருவது கையால் தொட முடியாதது: உடைமையாளன் என்ற தகுதி. அனுபவத்தைப் பிரித்துத் தனியே கொடுத்துவிட்டதால் அந்தத் தகுதி தற்சமயம் வெறுமையாக நிற்கிறது. அதனால்தான் ‘ந்யூ’ என்ற அடை. ரோமானியர் காலத்திலிருந்தே வரும் பிரயோகம். மொழிபெயர்த்தவர் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவர். ‘ந்யூ’ என்றால் ஆடையற்ற, மூடலற்ற. ‘ப்ரொப்ரியெத்தே’ என்றால் நிலம், வீடு. இரண்டையும் கூட்டினால் ஒன்றும் கட்டாத நிலம், ஆகவே காலி மனை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இலக்கணம் சரி, சட்டம்தான் இல்லை.

என் கட்சிக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது? ‘நிர்வாண உடைமை’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். நம் ஊர்க் கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொண்டேன். எந்தப் பத்திர எழுத்தரும் தூக்கத்தில்கூடச் சொல்லும் வாசகம் அது: புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. “இதிலே ரெண்டு விஷயம் இருக்கும்மா. ‘ஆண்டு அனுபவித்து’ன்னு வருதே, குடியிருக்கறது, வாடகை வாங்கறது, தேங்கா பறிக்கறது, அது ஒண்ணு. ‘தானாதி வினிமய விக்கிரயம்’, தானம் கொடுக்கறது, மாத்திக்கறது, விக்கறது, அது இன்னொண்ணு. உங்க அம்மாவுக்கு அவங்க அண்ணன் முதல் பாதியை மட்டும் கொடுத்தார். ரெண்டாவது பாதியை அந்தப் பையனுக்குக் கொடுத்தார். உங்க அம்மாவோட பாதி அவங்களோட போயிடும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ இத்தினி வருஷம் வரி கட்டினது?” என்றார்.

அதற்கும் சட்டத்தில் பதில் இருந்தது. அவருக்குப் பிடிக்காத பதில். 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் 544-ஆம் பிரிவில் ப்ரொப்ரியெத்தேயை அனுபவிக்கவும் கைமாற்றவும் உள்ள முழுமையான உரிமை என்று மார்தட்டிச் சொல்கிறது. கேட்டால் அதைத் துண்டாக்கவே முடியாது என்று தோன்றும். புரட்சியின்போது, 1789 பிரகடனத்தின் 17-ஆம் விதியில், மீறக்கூடாத புனித உரிமை என்று எழுதியவர்களின் வாரிசல்லவா அது. (அந்தப் புனிதத்தைச் சகிக்காத ப்ரூதோன், 1840-இல் ப்ரொப்ரியெத்தே என்பதே திருட்டு என்று எழுதிப் பெயர் வாங்கினார்.) ஆனால் அதே சட்டம் சில பக்கங்கள் தள்ளி, 578-ஆம் பிரிவில், அந்த முழுமையை இரண்டாகப் பிளக்கும் ஏற்பாட்டையும் அலட்டிக்கொள்ளாமல் விவரிக்கிறது. அனுபவதாரர் வீட்டை உடைமையாளர் போலவே அனுபவிக்கலாம். வீட்டின் மூலத்தை மட்டும் கெடாமல் காக்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் வரிகளைக் கட்டுவது அனுபவதாரரின் வேலை என்று 608 சொல்கிறது. ஆகவே அந்த டப்பா நிறைய ரசீதுகள் வீடு அத்தையுடையது என்பதற்குச் சாட்சியில்லை. அத்தை தன் கடமையை ஒழுங்காகச் செய்தார் என்பதற்குத்தான் சாட்சி. நீண்டகால அனுபோகத்தால் சொந்தமாகிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. பிறர் பொருட்டு வைத்திருப்பவர் எத்தனை காலம் வைத்திருந்தாலும் அது அவருடையதாகாது என்று அந்தச் சட்டம் சொல்லிவிட்டு, உதாரணத்துக்குக் குத்தகைதாரரையும் அனுபவதாரரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உயில்? தன்னிடம் இல்லாததை யாரும் எழுதிவைக்க முடியாது.

ஜூனியர் விடவில்லை. “அசல் அவங்க கையில இருக்கு, அவங்களுக்கே தெரியலே. நாம ஏன் சார் வாயைத் திறக்கணும்?” என்றார். நியாயமான கேள்வி. எதிராளியின் வழக்கைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலையில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தே தவறான ஓர் அர்த்தத்தை நீதிமன்றத்தின் தலையில் கட்டுவதும் என் வேலையில்லை. நான் மகானும் இல்லை. இதில் கணக்கும் இருந்தது. காலி மனை வாதம் கீழ்க்கோர்ட்டில் பலிக்கலாம். மேல்முறையீட்டில் யாராவது ஒருவர் அசலைப் படித்துவிட்டால் பாதி வீடும் போகும், எங்கள் பேச்சின்மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும். எனக்கு அந்த நம்பிக்கை வேறொன்றுக்கு வேண்டியிருந்தது. டப்பாவின் அடியில் வரி ரசீதுகளுக்குக் கீழே ஒரு நாற்பது பக்க நோட்டு கிடந்தது.

அத்தையின் கணக்கு நோட்டு. பென்சிலில், எழுத்துக்கூட்டி எழுதியது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன்னால் ‘தளத்துப் பூச்சு, சுண்ணாம்பு, ஆள் கூலி’ என்று ஒரு வரி. 1980-களின் தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க வேறு மாதிரி: ‘கூடத்து விட்டம் கரையான். கொத்தனார் இடிஞ்சு விழும்னு சொன்னார். தேக்கு விட்டம், கடலூர் மரக்கடை. குறுக்குக் கட்டை. செங்கல். சுண்ணாம்பு. கடுக்காய். தட்டோடு. வளையல் நாலு, அட்டிகை, வைத்த இடம் சேட்டு.’ நகை திரும்பி வந்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை.

பிரெஞ்சுச் சட்டம் பழுதுபார்ப்பை இரண்டாக வகுக்கிறது. அன்றாடப் பராமரிப்பு அனுபவதாரர் கணக்கு. பெரிய பழுது உடைமையாளர் கணக்கு. எது பெரிய பழுது என்பதை 606-ஆம் பிரிவு பட்டியல் போட்டுச் சொல்கிறது: பிரதானச் சுவர்கள், வளைவுக் கூரைகள், விட்டங்களை மாற்றுவது, முழுக் கூரையையும் புதுப்பிப்பது, தாங்குசுவரும் சுற்றுச்சுவரும் முழுதாக. மற்றதெல்லாம் பராமரிப்பு. உடைமையாளர் செய்ய வேண்டிய பெரிய பழுதை அனுபவதாரர் தன் பணத்தில் செய்திருந்தால், அனுபவம் முடியும் காலத்தில் வீட்டில் தங்கியிருக்கும் கூடுதல் மதிப்பைத் திருப்பிக் கேட்கலாம் என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுவந்திருக்கின்றன. அழகுபடுத்தினேன், வசதி செய்தேன் என்று கேட்க முடியாது. அந்தக் கதவை 599 சாத்திவிடுகிறது. விட்டம் வேறு.

இங்கேதான் அந்த உயிலுக்கு உயிர் வந்தது. வீட்டை எழுதிவைக்க அத்தைக்கு உரிமை இல்லை. ஆனால் வீட்டுக்காரரிடமிருந்து வர வேண்டிய கூரைப் பாக்கி அத்தையுடையது. அதை ‘சகலத்தையும்’ என்ற சொல்லுக்குள் வளர்ப்பு மகளுக்கு எழுதிவைக்க எந்தத் தடையுமில்லை. பிள்ளையில்லாதவர் சொத்தில் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கும் அந்தச் சட்டத்தில் கிடையாது. உயிலின் செல்லுபடியைப் பற்றி எதிர்த்தரப்பு வாயே திறக்கவில்லை. வீட்டைப் பொறுத்தவரை அது வெறும் காகிதம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

எதிருரையில் வீடு வாதியுடையது என்பதை மறுக்கவில்லை. எதிர்க்கோரிக்கையாகக் கூரையை வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லலாமே, பிரதிவாதிக்கு முரணான வாதங்களுக்கு இடமுண்டே என்று ஜூனியர் கடைசிவரை முணுமுணுத்தார். இடமுண்டுதான். ‘வீடு பாதி என்னுடையது’ என்று ஒரு பத்தியிலும் ‘என் வீடல்லாத வீட்டுக்கு விட்டம் போட்டேன், பணம் கொடு’ என்று அடுத்த பத்தியிலும் எழுதினால், படிக்கிற நீதிபதிக்கு இரண்டிலும் நம்பிக்கை வராது என்று எனக்குப் பட்டது.

விசாரணை சுவாரஸ்யமாக இருந்தது. எங்கள் எதிருரையைப் பார்த்த பிறகுதான் வாதியின் வக்கீல் தன் மொழிபெயர்ப்பைத் திரும்பிப் பார்த்தார். புதிய மொழிபெயர்ப்புத் தாக்கல் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட்டார். ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நீதிபதி தென் மாவட்டக்காரர், பிரெஞ்சு தெரியாது. ஆனால் எதையும் மேலோட்டமாக விடமாட்டார். இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் என்ன?” என்று கேட்டார். வாதியின் வக்கீல் தயங்கித் தயங்கி, “நிர்வாணமான சொத்து, யுவர் ஆனர்” என்றார். பின் வரிசை வரை சிரிப்பு. லாரூஸ் அகராதி வரவழைக்கப்பட்டது. ப்ரொப்ரியெத்தே என்ற தலைச்சொல்லின்கீழ் உரிமை என்று ஒன்று, உடைமைப் பொருள் என்று ஒன்று, தோட்டம் துரவோடு கூடிய பெரிய வீடு என்று ஒன்று, தண்ணீருக்கும் உலோகத்துக்கும் உள்ள இயல்பு என்று ஒன்று, சொல்லைப் பொருத்தமாகக் கையாளும் நேர்த்தி என்றும் ஒன்று. கடைசியதைக் கேட்டதும் நீதிபதி முதல் மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

வாதியைக் குறுக்கு விசாரணை செய்தபோது எனக்கு ஒன்று தெளிவானது: அவர் மோசமான மனிதர் இல்லை. பாரீஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தார். அங்கே கூரையோ மின்தூக்கியோ பழுதானால் கோப்ரொப்ரியெத்தே, அதாவது கூட்டுடைமைக்காரர்கள், கூட்டம் போட்டுப் பிரித்துக் கட்டுவார்கள். அதற்கென்று 1965-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. “உங்கள் குடியிருப்பில் கூரை மாற்றினால் யார் பணம் கொடுப்பார்கள்?” என்று கேட்டேன். “வீட்டுக்காரங்க எல்லாரும்.” “வாடகைக்கு இருப்பவர்?” “அவர் ஏன் கொடுக்கணும்?” “உங்கள் அத்தை ஏன் கொடுத்தார்?” வாதியின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பதில் எனக்கு அவசியமில்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. மூன்று பக்கமிருந்தும் வந்தார்கள். பழமையால் விழுந்ததைக் கட்டித்தர இருவருக்குமே கடமையில்லை என்கிறது 607. நல்ல பிரிவுதான், ஆனால் கூரை விழவில்லை, விழுமுன் தூக்கி நிறுத்தப்பட்டது. அடுத்து, பராமரிக்காமல் விட்டதால் வந்த பெரிய பழுது அனுபவதாரர் தலையில் என்கிறது 605. அதற்குத்தான் அந்த ஐப்பசிப் பூச்சுக் கணக்கு. ஆண்டு தவறாமல் எழுதிய அந்தப் பென்சில் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். சாட்சிக் கூண்டில் நின்ற என் கட்சிக்காரருக்கு, கையெழுத்து அம்மாவுடையதுதான் என்று சொல்லும்போதெல்லாம் குரல் கம்மியது. மூன்றாவது வாதம் கொஞ்சம் கஷ்டமானது. முழுக் கூரை என்றல்லவா சட்டம் சொல்கிறது, பின்கட்டைத் தொடவே இல்லையே, இரண்டு கூடங்களுக்கு மட்டும்தானே செய்தார்கள்? ‘முழு’ என்ற அடை கூரைக்குத்தான், விட்டத்துக்கு இல்லை. விட்டத்தை மாற்றுவது தனியாகவே பட்டியலில் நிற்கிறது என்பது எங்கள் பதில். பிரெஞ்சு வாக்கியத்தில் அந்த அடைமொழி எங்கே நிற்கிறது என்று காட்ட, தரையில் கட்டம் போடாத குறைதான்.

இவ்வளவுக்கும் நடுவில், விட்டம் உண்மையில் மாறியதா என்று பார்க்க அட்வகேட் கமிஷனரை நியமித்தார்கள். அவர் ஒரு பொறியாளரோடு வந்தார். இரு தரப்பும் கூடத்தில் நின்றோம். பொறியாளர் ஏணி வைத்து ஏறி விட்டங்களைத் தட்டிப் பார்த்தார். பின்கட்டில் இருந்தவை வாய்ச்சி கொத்திய தடத்தோடு மேடுபள்ளமாக இருந்தன; கூடத்தில் இருந்தவை ரம்ப மில்லில் அறுத்த நேர்க்கோடு. கட்டைகளுக்கு மேலே செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து வைத்த வேலை, பழைய முறைதான். ஆனால் செங்கல் புதிய அளவு. அவர் இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தபோது, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வாதி தன்னையறியாமல், “இது பெரியப்பா போட்ட விட்டம் இல்லையே. அது கறுப்பா இருக்கும், தார் பூசி. நான் படுத்துக்கிட்டு எண்ணுவேன்” என்றார். அவர் வக்கீல் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கமிஷனர் அதையும் எழுதிக்கொண்டார்.

பெரியப்பா செய்த ஏற்பாட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது நல்ல ஏற்பாடு. தங்கைக்கே முழுதாகக் கொடுத்திருந்தால், தனியாக இருக்கும் விதவையிடம் நயந்தோ மிரட்டியோ யாராவது எழுதி வாங்கியிருப்பார்கள். பையனுக்கே முழுதாகக் கொடுத்திருந்தால், தங்கை தம்பி மனைவியின் தயவில் நின்றிருப்பார். உடைமையைப் பிளந்து கொடுத்ததால்தான் அந்த அம்மா யாருக்கும் கைகட்டாமல் முப்பது வருடம் வாடகை வாங்கிக்கொண்டு, தேங்காய் விற்றுக்கொண்டு இருந்தார். குறை எங்கே என்றால், கையில் இருப்பது என்ன என்று அந்த அம்மாளுக்கு ஒருவரும் தமிழில் சொல்லவில்லை. பத்திரம் பிரெஞ்சில் வாசிக்கப்பட்டது, பிரெஞ்சில் கையெழுத்தானது. சொல்லியிருந்தால், விட்டத்துக்கு நகையை வைக்குமுன் பிரான்சுக்கு ஒரு கடிதம் போட்டிருப்பார்.

தீர்ப்பில் வீடு வாதிக்கு. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எதிர்க்கோரிக்கையும் ஏற்கப்பட்டது. அத்தை செலவழித்த தொகையைத் தரச் சொல்லவில்லை. அனுபவம் முடிந்த நாளில் அந்த விட்டங்களாலும் தளத்தாலும் வீட்டுக்குக் கூடியிருந்த மதிப்பைப் பொறியாளர் கணக்குப்படி தரச் சொன்னது. அது நோட்டில் இருந்த தொகையைவிட நன்றாகவே கூடுதல். இடைப்பட்ட காலத்தில் தேக்கு விலை எங்கேயோ போயிருந்தது. தொகையைக் கட்டிவிட்டுத்தான் சுவாதீனம் எடுக்க வேண்டும் என்றும் நீதிபதி சேர்த்திருந்தார்.

வாதி கூரைத் தொகையை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு போட்டார். அது எண்ணாகி வருவதற்குள், வீட்டைத் தங்கும் விடுதியாக்க ஒருவர் விலை பேசி வந்துவிட்டார். அந்தப் பக்கம் பழைய வீடுகளுக்கு அப்போதுதான் கிராக்கி ஏற ஆரம்பித்திருந்தது. வழக்கு நிலுவையில் இருக்கும் வீட்டை வாங்க அவர் தயாரில்லை. வாதி முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் கட்டினார். கட்டிய அன்று என்னிடம் வந்து, “சார், அத்தை ஒரு லெட்டர் போட்டிருந்தா நானே அனுப்பியிருப்பேன்” என்றார். அனுப்பியிருப்பாரா என்பது வேறு விஷயம். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பணத்தோடு சேமிப்பையும் கூட்டி என் கட்சிக்காரர் லாஸ்பேட்டையில் ஒரு சின்ன ஓட்டு வீட்டைப் பேசி முடித்தார். கிரயப் பத்திரத்தைப் பத்திர எழுத்தர் கம்ப்யூட்டரில் சுருக்கமாக அடித்துக் கொண்டுவந்தார். பழைய வாசகங்களையெல்லாம் எடுத்துவிட்டு ‘முழு உரிமையுடன்’ என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார். சட்டப்படி அது போதும் என்று நானும் சொன்னேன். என் கட்சிக்காரர் பேனாவை எடுக்கவில்லை. “தானாதி வினிமயம் எங்கே?” என்றார். இப்போதெல்லாம் அப்படி எழுதுவதில்லை என்று எழுத்தர் விளக்கினார். “நீங்க எழுதுங்க” என்றார் அவர். எழுத்தர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். தாளை மாற்ற ஆகும் செலவைத் தானே கொடுப்பதாகச் சொல்லி, அந்த அம்மா பர்ஸைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.